ஆறாத கால்புண்ணுக்குப் புதிய மருந்து: மொரீசியஸில் ஒரு சோதனையை அமைக்கும் முறை

மொரீசியஸில் 20 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். 1987 முதல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவரும் தேசியக் கணக்கெடுப்பில் 2015இல் 20.5 சதவீதம் என்றும், 2021இல் 19.9 சதவீதம் என்றும் பதிவானது. வீட்டில், தீவின் அன்றாட மொழியான கிரியோலில் "திசிக்" (சர்க்கரை) என்று ஒரே சொல்லில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அது காலில் வந்து நிற்கும்போதுதான் குடும்பமே கூடி உட்கார்ந்து பேசுகிறது. பெருவிரலுக்கு அடியில் ஒரு காய்ப்பு, அதன் நடுவில் ஒரு குழி. வலிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை.

அந்தப் புண்ணுக்கு ஒரு களிம்போ, கட்டோ, செல் மருந்தோ உருவாக்கி நோயாளிகளிடம் சோதிக்க நினைக்கும் இளம் மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தியல் மாணவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். புண்ணின் மேல் நோயாளி நடந்துகொண்டிருக்கும்வரை எந்த மருந்தையும் உண்மையாகச் சோதிக்க முடியாது. நல்ல மருந்தும் தோற்றதுபோலத் தெரியும், ஒன்றுக்கும் உதவாத மருந்து தற்செயலாக ஜெயித்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒரு பெரிய பகுதி மருந்தைப் பற்றியே பேசாது, காலின் பாரத்தைப் பற்றித்தான் பேசும்.

மருந்து எதைத் தொடுகிறது?

புண் ஆறுவது படிப்படியாக நடக்கிற வேலை. இரத்தம் உறையும், வெள்ளணுக்கள் வந்து துப்புரவு செய்யும், புதுச் சதை முளைக்கும், ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடும். சர்க்கரைக் கால்புண் இரண்டாம் படியிலேயே தேங்கிவிடுகிறது. அழற்சி ஓயாது. புண்ணிலிருந்து கசியும் நீரில் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் எனும் நொதிகள் மிகுந்து கிடக்கும். உடல் புதிதாகக் கட்டுகிற சதையையும், அதைக் கட்டச் சொல்லும் வளர்ச்சிக் காரணிகளையும் அவை அறுத்துக்கொண்டே இருக்கும்.

அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்ற பெகாப்ளெர்மின் களிம்பு ஒரு வளர்ச்சிக் காரணி. கிராமுக்கு 100 மைக்ரோகிராம் கொண்ட அந்தக் களிம்பைப் பூசியவர்களில் 50 சதவீதத்தினருக்கு 20 வாரத்தில் புண் மூடியது. வெற்றுக் களிம்பு பூசியவர்களில் 35 சதவீதத்தினருக்கு மூடியது. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் தடவிய கட்டு எதிர்த்திசையிலிருந்து வந்தது, அது அந்த நொதிகளை அடக்கப் பார்த்தது. 2018இல் வெளியான எக்ஸ்ப்ளோரர் ஆய்வில் ஐந்து ஐரோப்பிய நாடுகளின் 240 பேர் சேர்ந்தனர். 20 வாரத்தில் அந்தக் கட்டுப் போட்டவர்களில் 48 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத அதே வகைக் கட்டுப் போட்டவர்களில் 30 சதவீதத்தினருக்கும் புண் மூடியது.

உங்கள் மருந்து இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தொடுகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் நோயாளியிடம் போகும் காலம் இன்னும் வரவில்லை.

எலியில் கிடைத்த வெற்றியைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப் படலம் உண்டு. அது சுருங்கி, சுருக்குப்பை வாயை இழுத்ததுபோலப் புண்ணை மூடிவிடும். மனிதப் பாதத்தில் அப்படி நடக்காது. எலியின் புண்ணைச் சுற்றி சிலிக்கோன் வளையத்தை ஒட்டித் தைத்து, சுருங்க விடாமல் பிடித்துக்கொண்டு சோதிக்க வேண்டும். சர்க்கரை வரவழைக்க ஸ்ட்ரெப்டோசோடோசினைக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் தொடர்ந்து, 4.5 பிஎச் உள்ள சிட்ரேட் கரைசலில் கலந்த உடனே ஊசியாகப் போடுவது வழக்கம். கலந்து வைத்துவிட்டால் மருந்து சிதைந்துபோகும், பல எலிகளுக்குச் சர்க்கரை ஏறாது. இத்தனையும் சரியாகச் செய்தாலும் எலியின் புண் முதுகில்தான் இருக்கிறது. அதன்மேல் எழுபது கிலோ ஆள் ஏறி நிற்பதில்லை.

யாரைச் சேர்ப்பது

முதல் சோதனைக்கு, நரம்பு மரத்துப்போனதால் உள்ளங்காலில் வந்த புண்களை மட்டும் எடுங்கள். இரத்த ஓட்டம் நின்றுபோன கால், எலும்புக்குள் சீழ் பிடித்த கால், மரத்துப்போன கால் மூன்றும் வெவ்வேறு நோய்கள். மூன்றையும் ஒரே கூடையில் போட்டால் எந்த மருந்தும் வேலை செய்ததாகத் தெரியாது.

உணர்வுச் சோதனைக்கு 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழை வேண்டும். சின்னக் கைப்பிடி, அதன் முனையில் ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். எல்லாம் செய்கிற விதத்தில் இருக்கிறது. முதலில் நோயாளியின் கையில் தொட்டு, "இப்படித்தான் இருக்கும்" என்று காட்டுங்கள். பிறகு அவர் பார்க்காதபடி பெருவிரலின் அடிப்பக்கம், பெருவிரல் எலும்பின் அடிமேடு, சுண்டுவிரல் எலும்பின் அடிமேடு ஆகிய மூன்று இடங்களில் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்தி, இரண்டு விநாடிக்குள் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை கேட்க வேண்டும், அதில் ஒருமுறை தொடாமலே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு பதில் தவறானால் அந்த இடத்தில் காயத்திலிருந்து காலைக் காக்கும் உணர்வு இல்லை என்று பொருள். காய்ப்பின் மேல் தொட்டால் யாருக்குமே தெரியாது, அதைத் தவிர்த்துப் பக்கத்தில் தொடுங்கள். "தெரிகிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதே என்று நம் பெரியவர்கள் "தெரிகிறது, தெரிகிறது" என்று சொல்லிவிடுவார்கள். "எந்தக் காலில்? எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். ஒரே இழையால் பத்துப் பேரைப் பார்த்துவிட்டால் 24 மணி நேரம் அதற்கு ஓய்வு கொடுங்கள். சோர்ந்த இழை 10 கிராமுக்கு முன்பே வளைந்து, நல்ல காலையும் மரத்த காலாகக் காட்டும். உடன், தட்டினால் அதிரும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள்.

இரத்த ஓட்டத்தைக் கணுக்காலில் அளக்கும் இரத்த அழுத்தத்தை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது. நீண்ட நாள் சர்க்கரையில் இரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். அழுத்தமானியின் பட்டையை இறுக்கினாலும் குழாய் நசுங்காது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் கணக்கு 1.3, 1.4 என்று வந்து, கால் நன்றாக இருப்பதுபோல ஏமாற்றும். கால்விரல் அழுத்தம்தான் உண்மை சொல்லும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இருந்தால் சோதனையைப் பற்றிய பேச்சே வேண்டாம், அவரை அன்றே இரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்புங்கள்.

எலும்பைப் பார்க்க, நுனி மழுங்கிய, தொற்று நீக்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விடுங்கள். கல்லில் இடித்ததுபோலக் கடினமாக ஒன்று தட்டுப்பட்டால் எலும்பில் தொற்று இருக்கலாம். எக்ஸ்ரே எடுங்கள். ஆனால் தொற்று தொடங்கி இரண்டு மூன்று வாரம் வரை எக்ஸ்ரே சுத்தமாகவே தெரியும். சந்தேகம் இருந்தால் சேர்க்காமல், இடைவெளி விட்டு மறுபடி எடுங்கள். ஒவ்வொரு புண்ணுக்கும் இடம், இரத்த ஓட்டம், உணர்வு, தொற்று, பரப்பு, ஆழம் ஆகிய ஆறையும் வைத்து 0 முதல் 6 வரை மதிப்பெண் தரும் சின்பாட் முறையில் எழுதி வையுங்கள். பின்னாளில் உங்கள் முடிவை வேறு நாட்டு ஆய்வோடு ஒப்பிட அதுதான் பாலம்.

மருந்து தொடுமுன் நான்கு வாரம்

ஆளைச் சேர்த்த அன்றே மருந்தைத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம், முடிந்தால் நான்கு வாரம், வழக்கமான நல்ல சிகிச்சையை மட்டும் முறையாகக் கொடுங்கள். செத்த தோலைச் சீவுவது, பாரத்தை இறக்குவது, தொற்றைக் கவனிப்பது, சர்க்கரையைப் பார்ப்பது, இவ்வளவே. பல புண்கள் இதிலேயே வேகமாகச் சுருங்கும். நான்கு வாரத்தில் பாதிக்கு மேல் சுருங்கியவர்களைச் சோதனையில் சேர்க்காதீர்கள், அவர்களுக்கு உங்கள் மருந்து தேவையே இல்லை. ஆய்வுகளில் தெரிந்த கணக்கும் இதுதான்: நான்கு வாரத்தில் 53 சதவீதத்துக்கு மேல் சுருங்கிய புண்களில் 58 சதவீதம் 12 வாரத்துக்குள் மூடின, அந்த அளவு சுருங்காதவற்றில் 9 சதவீதம்தான் மூடின.

நோயாளியின் இரத்தத்திலிருந்தே எடுத்த அணுக்களைத் தகடாக்கிப் புண்ணில் வைக்கும் லியூகோபேட்ச் ஆய்வு 2018இல் வெளியானது. அதில் 595 பேர் சம்மதித்தார்கள், இறுதியாகச் சேர்க்கப்பட்டவர்கள் 269 பேர். ஆள் எண்ணிக்கையைத் திட்டமிடும்போது இந்த இரண்டு எண்ணையும் சுவரில் ஒட்டி வையுங்கள். நூறு பேர் வேண்டுமென்றால் இருநூறுக்கும் மேற்பட்டவர்களின் காலைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பாரத்தை இறக்குவது

வலி தெரிகிறவர் புண்ணில் மிதிக்கமாட்டார், தானாகவே நொண்டுவார். மரத்த காலுக்கு நொண்டத் தெரியாது. நாளெல்லாம் ஆயிரக்கணக்கான தடவை அதே இடத்தில் மிதிபடும். இதற்கு மருந்து மாவுக்கட்டுதான். முழங்காலுக்குக் கீழே கால் முழுதும் ஒட்டிப் போடும் கட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால் சுவரிலும் பரப்பிவிடுகிறது. இதைத் தொழுநோயால் மரத்துப்போன கால்களில் 1930களிலேயே இந்தியா, இலங்கை மருத்துவர்கள் பயன்படுத்தினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் இதே முறையை 1960களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். தமிழ்நாட்டு மண்ணில் தொழுநோயாளிகளின் கால்களில் கற்றுக்கொண்ட பாடம், இன்று சர்க்கரைக் கால்களுக்கு உலகமெங்கும் முதல் தேர்வாக இருக்கிறது.

2001இல் வெளியான ஒரு ஒப்பீட்டில் மாவுக்கட்டுப் போட்டவர்களில் 89.5 சதவீதத்தினருக்கு 12 வாரத்தில் புண் மூடியது. கழற்றி மாட்டும் நடைக்காலணி போட்டவர்களில் 65 சதவீதம், முன்பாதத்தில் பாரம் விழாதபடி செய்த பாதிச் செருப்புப் போட்டவர்களில் 58.3 சதவீதம். கழற்றும் காலணி ஏன் பின்தங்கியது என்பதற்கு 2003இல் பதில் கிடைத்தது. நோயாளியின் இடுப்பிலும் காலணியிலும் தனித்தனியே அடி எண்ணும் கருவியை வைத்துப் பார்த்தார்கள். மொத்த நடையில் 28 சதவீதம்தான் காலணி போட்டுக்கொண்டு நடந்தது. மீதியெல்லாம் கழற்றி வைத்துவிட்டு நடந்தது. 2005இல் அதே காலணியைக் கழற்ற முடியாதபடி பட்டை சுற்றி ஒட்டியபோது 82.8 சதவீதம் மூடியது, ஒட்டாமல் விட்டவர்களில் 51.9 சதவீதம்.

இந்த எண்களைப் பெகாப்ளெர்மினின் 50, 35 என்ற எண்களுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். ஆய்வுகள் வேறு, நோயாளிகள் வேறு, நேரடியாக ஒப்பிட முடியாது. என்றாலும் ஒரு பட்டை சுற்றியதால் வந்த வித்தியாசம் ஒரு புதிய மருந்தின் வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. உங்கள் ஒரு குழுவில் பத்துப் பேர் கூடுதலாகக் காலணியைக் கழற்றினால், மருந்தின் பலன் அந்தச் சத்தத்தில் கேட்காமலே போய்விடும்.

கட்டுப் போடும்போது கணுக்காலை 90 பாகையில் பிடிக்க ஒரு ஆள், சுற்ற ஒரு ஆள் வேண்டும். விரல் இடுக்குகளில் பஞ்சு, விரல் நுனிகளை மூடி மெத்தைத் தக்கை, கணுக்கால் மொட்டுகளிலும் முன்காலெலும்பின் விளிம்பிலும் ஃபெல்ட் துண்டு. வேறெங்கும் பஞ்சைத் திணிக்க வேண்டாம். பஞ்சு அமுங்கியதும் கட்டுக்குள் கால் ஆடும், ஆடினால் புதுப்புண் வரும். முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் பிரித்துப் பாருங்கள், வீக்கம் வடிந்து கட்டுத் தளர்ந்திருக்கும். பிறகு வாரம் ஒருமுறை. கட்டுப் போட்ட கால் உயர்ந்துவிடுவதால் மறுகாலின் செருப்பையும் அதே அளவு உயர்த்துங்கள், இல்லையென்றால் இடுப்பு வலித்து, "கழற்றிவிடுங்கள்" என்று வந்து நிற்பார்கள். மறுகாலையும் ஒவ்வொரு வருகையிலும் பாருங்கள், பாரம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். காய்ச்சல், கெட்ட வாடை, கட்டில் ஈரக்கறை, திடீரென ஏறும் சர்க்கரை, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வருகைவரை காத்திருக்காமல் அன்றே வரச் சொல்லுங்கள். இரத்த ஓட்டமும் குறைந்து தொற்றும் இருக்கிற காலுக்கு இந்தக் கட்டு கூடவே கூடாது.

இங்கே நம் வாழ்க்கை முறையைக் கணக்கில் எடுக்காமல் திட்டம் போட முடியாது. வீட்டுக்குள் செருப்பில்லை, பூஜை அறையில் செருப்பில்லை, கோவிலில் செருப்பில்லை. கழற்ற முடிகிற காலணியைக் கொடுத்தால் கழற்றத்தான் செய்வார்கள், அது அலட்சியம் இல்லை, மரியாதை. கட்டோடு கோவிலுக்குப் போக விரும்புகிறவருக்குத் துவைத்த வெள்ளைத் துணியில் உறை தைத்துக் கொடுத்து, வாசலில் கட்டின் மேல் மாட்டிக்கொள்ளச் சொல்லலாம். ஆள் சேர்க்கத் தொடங்குமுன் அந்த ஊர்க் கோவிலின் குருக்களையும் நிர்வாகிகளையும் பார்த்து, அது செருப்பில்லை, சிகிச்சைக் கட்டு என்று காட்டிப் பேசிவிடுங்கள். குருக்கள் ஒரு வார்த்தை சொன்னால் நாம் பத்துத் தடவை சொல்வதைவிட அது நிற்கும்.

தைப்பூசக் காவடி ஜனவரி அல்லது பிப்ரவரியில், இங்கே கொளுத்துகிற கோடையில் வருகிறது. விரதம் இருந்து, தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்து கோவிலுக்குப் போவார்கள். கோர் தெ கார்ட் மலைச்சரிவில் உள்ள கோவிலுக்கு ஏறுகிற பாதையை நினைத்துப் பாருங்கள். தீமிதியும் அந்த மாதங்களை ஒட்டியே வரும். மரத்த கால் சுடுவதைச் சொல்லாது. கொப்புளத்தை மறுநாள்தான் பார்ப்பார்கள். காவடிக்கு முந்தைய எட்டு வாரத்தில் புதிதாக ஆள் சேர்க்காமல் இருப்பது நல்லது. ஏற்கெனவே சேர்ந்தவரிடம் "போகாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அவர் போய்விட்டு நம்மிடம் மறைப்பார், நம் பதிவும் பொய்யாகும். வேண்டுதலை அவருக்காகக் குடும்பத்தில் ஒருவர் எடுக்க முடியுமா, அவர் கோவிலில் உட்கார்ந்தபடி பால்குடத்தை ஒப்படைக்க முடியுமா என்று வீட்டாரோடு சேர்ந்து பேசுங்கள். விரத நாட்களில் சாப்பாட்டு நேரம் மாறும், இன்சுலின் அளவையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

சீவுதலும் அளத்தலும்

புண்ணைச் சுற்றி வெள்ளையாக, ஊறிய அப்பளம்போலத் தடித்து நிற்கும் விளிம்புதான் காய்ப்பு. அதை ஒவ்வொரு வருகையிலும் ஸ்கால்பெல்லால் நல்ல தோல் தெரியும்வரை சீவி எடுக்க வேண்டும். காய்ப்பை எடுத்தாலே அந்த இடத்து அழுத்தம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. சீவியபின் புண் பெரிதாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அதன் உண்மையான அளவு அதுதான். அதனால்தான் சீவிய பிறகே அளக்க வேண்டும். ஒரு செவிலியர் சீவுமுன்னும் இன்னொருவர் சீவியபின்னும் அளந்தால், புண் வாராவாரம் வளர்ந்து சுருங்குவதுபோல் வரைபடம் குதிக்கும்.

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்பு கூடுதலாக வரும். 3 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம் உள்ள புண் 6 சதுர செ.மீ. என்று வரும். முட்டை வடிவம் என்று கொண்டு 0.785ஆல் பெருக்கினால் 4.7தான். நல்ல முறை, இரண்டு அடுக்கு ஒளிபுகும் தாளைப் புண்ணின் மேல் வைத்து ஓரத்தை வரைந்து, புண்ணில் பட்ட கீழ்த்தாளை எறிந்துவிட்டு மேல்தாளை ஸ்கேன் செய்து பரப்பைக் கணினியில் எடுப்பது. அளவுகோலை ஓரத்தில் ஒட்டி, கேமராவைப் புண்ணுக்கு நேர் மேலே பிடித்துப் படமும் எடுங்கள். சாய்த்து எடுத்தால் புண் சின்னதாகத் தெரியும்.

மருந்தின் அளவையும் சொற்களில் விடாமல் எண்ணில் எழுதுங்கள். பெகாப்ளெர்மினின் 15 கிராம் குழாய்க்கு, புண்ணின் நீளத்தை அகலத்தால் பெருக்கி நான்கால் வகுத்தால் எத்தனை செ.மீ. களிம்பு பிதுக்க வேண்டும் என்று வரும். 4 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள புண்ணுக்கு 2 செ.மீ. களிம்பு. "மெல்லிதாகத் தடவவும்" என்று எழுதினால் ஒருவர் பொட்டளவும் ஒருவர் அரைக் குழாயும் தடவுவார். ஒவ்வொரு வருகையிலும் குழாயை எடைபோட்டுக் குறித்துக்கொண்டால் வீட்டில் தடவினார்களா என்பதும் தெரியும்.

எதை வெற்றி என்பது, எத்தனை பேர் வேண்டும்

அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் 2006 வழிகாட்டலில் உள்ள வரையறையையே எடுத்துக்கொள்ளுங்கள்: புண் முழுதும் தோல் மூடியிருக்க வேண்டும், நீர் கசியக் கூடாது, கட்டுத் தேவைப்படக் கூடாது, இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும். "புண் நன்றாகச் சுருங்கியது" என்பது முதல் கட்டச் சோதனைக்குத் துணை அளவாக இருக்கலாம், மருந்தை நிரூபிக்காது.

யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மருந்து என்பதைக் கணினி குலுக்கிச் சொல்லட்டும். சேர்க்கிற மருத்துவருக்கு அடுத்த சீட்டு தெரியக் கூடாது. குலுக்கும்போதே புண்ணின் பரப்பை வைத்து, எடுத்துக்காட்டாக 3 சதுர செ.மீ.க்குக் கீழ், மேல் என்று பிரித்துக் குலுக்குங்கள். பெரிய புண்களெல்லாம் ஒரே குழுவில் போய் விழுந்துவிட்டால் பின்னால் எந்தப் புள்ளியியலும் அதை முழுதாகச் சரிசெய்யாது. கட்டு வடிவில் உள்ள மருந்தை மறைக்க முடியாதபோது, புண் மூடியதா என்று சொல்பவராவது எந்தக் குழு என்று தெரியாதவராக இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு புண் இருந்தால் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். எது என்பதைக் குலுக்குமுன் எழுதிவிடுங்கள்.

எண்ணிக்கைக்கு ஒரு கணக்கு. ஒப்பீட்டுக் குழுவில் 30 சதவீதம் மூடும், மருந்துக் குழுவில் 45 சதவீதம் மூடும் என்று எதிர்பார்த்து, 80 சதவீத ஆற்றலும் (உண்மையான பலனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு) 5 சதவீதப் பிழை வரம்பும் (இல்லாத பலனை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) வைத்தால் ஒரு குழுவுக்கு 160 பேர். நூற்றுக்குப் பதினைந்து பேர் பாதியில் விலகுவார்கள் என்று வைத்தால் 189, இரண்டு குழுவும் சேர்த்து 378. 50 சதவீதம் மூடும் என்று நம்பினால் குழுவுக்கு 91 போதும். ஆனால் அந்த நம்பிக்கைக்கு முன் சோதனையில் ஆதாரம் வேண்டும், ஆசை போதாது. தீவின் மக்கள்தொகையே பதின்மூன்று லட்சத்துக்குள்தான். ஒரே மருத்துவமனையை நம்பாமல், முதல் நாளிலிருந்தே ரீயூனியன், தென்னாப்பிரிக்கா போன்ற அண்டை இடங்களின் குழுக்களோடு சேர்ந்து ஒரே நெறிமுறையில் நடத்தத் திட்டமிடுங்கள். பழைய சோதனைகள் பலவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஒப்பீட்டுக் குழுக்களில் 20 வாரத்தில் சுமார் 31 சதவீதமே மூடியிருந்தது. மாவுக்கட்டைச் சரியாகப் போட்டால் உங்கள் ஒப்பீட்டுக் குழு அதைவிட நன்றாகவே ஆறும். அப்போது மருந்தின் கூடுதல் பலன் சின்னதாகத் தெரியும், ஆள் அதிகம் வேண்டும். அதற்காக ஒப்பீட்டுக் குழுவின் சிகிச்சையைக் குறைப்பது அந்த நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம்.

அனுமதி, மொழி, புயல்

மொரீசியஸில் 2011ஆம் ஆண்டின் மருத்துவச் சோதனைச் சட்டப்படி உரிமமும் ஆய்வு அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இல்லாமல் ஒரு ஆளைக்கூடச் சேர்க்க முடியாது. முதல் ஆளைச் சேர்க்குமுன் பான் ஆப்பிரிக்க மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் ஆய்வைப் பதிந்து, வெற்றி என்று எதைக் கொள்வீர்கள் என்பதையும் அதில் எழுதிவிடுங்கள்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சிட்டால் நமக்கு மனம் நிறையும். ஆனால் கோவிலில் தேவாரம் தமிழில் பாடுகிற குடும்பத்திலும் வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கிரியோல்தான். படிவம் கிரியோலில் இருக்கட்டும், உரக்க வாசித்துக் காட்டுங்கள். தமிழ்ப் படிவம் விரும்புகிறவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள். வாசித்து முடித்ததும் "புரிந்ததா ஐயா?" என்று கேட்காமல், "எந்த மருந்து உங்களுக்கு வரும் என்று யார் முடிவுசெய்வார்கள்? வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, அவர் சொந்தச் சொல்லில் பதில் சொன்ன பிறகே கையெழுத்து வாங்குங்கள். மகனோ மருமகளோ அவருக்காகப் பதில் சொன்னால் அது அவர் சம்மதம் ஆகாது.

கோடை மாதங்கள் புயல் மாதங்களும்கூட. எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் பேருந்து ஓடாது, வருகை தவறும். நெறிமுறையிலேயே வருகைக்கு முன்பின் மூன்று நாள் இடம் விடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரக் கட்டுப்பொருள் இருப்பில் இருக்கட்டும். 2 முதல் 8 பாகைக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்றால் மின்சாரம் போகும் நாளுக்குக் குளிர்ப்பெட்டியும் வெப்பநிலைப் பதிவுக் கருவியும் வேண்டும். கெட்டுப்போன மருந்தைத் தெரியாமல் தடவிய இரண்டு வாரம் யார் கணக்கிலும் தெரியாது, முடிவில் மட்டும் தெரியும்.

தொற்றும் வீட்டு வைத்தியமும்

வீக்கம், அரை செ.மீ.க்கு மேல் பரவிய சிவப்பு, தொட்டால் நோவு, சூடு, சீழ், இந்த ஐந்தில் இரண்டு இருந்தால்தான் தொற்று என்று எழுத வேண்டும். தொற்று இல்லாத புண்ணுக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கக் கூடாது. பஞ்சுக் குச்சியால் மேலாகத் தடவி எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பினால் தோலில் வாழும் கிருமிகள்தான் முளைக்கும். சீவிச் சுத்தம் செய்தபின் அடிச்சதையில் ஒரு துணுக்கு எடுத்து அனுப்புங்கள்.

வெந்நீரில் கால் ஊறவைப்பது, மஞ்சள் அரைத்துப் பூசுவது, தேங்காயெண்ணெய் விடுவது எல்லா வீட்டிலும் உண்டு. திட்டாமல் கேட்டு, தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். வெந்நீர் மட்டும் கட்டாயம் கூடாது, மரத்த கால் வெந்துபோகும்.

மூடிய பிறகு

புண் மூடிய நாளோடு பின்தொடர்வதை நிறுத்தாதீர்கள். மூடிய கால்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஒரு ஆண்டுக்குள் மறுபடி திறந்துகொள்கிறது, ஐந்தாண்டில் 65 சதவீதம். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஓராண்டு பார்த்து, மறுபடி திறந்த தேதியை எழுதுங்கள். புதுத்தோல் முதல் வாரங்களில் வெங்காயச் சருகுபோல மெலிந்திருக்கும். மாவுக்கட்டை எடுத்த அன்றே பழைய செருப்பைப் போடவிடாதீர்கள். முதல் நாள் புதுக் காலணியில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு, இப்படி ஏற்றிக்கொண்டு போகட்டும். போடுமுன் ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டு, ஆணி, கல், சுருண்ட உள்தட்டு எதுவும் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கக் காட்டிக் கொடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் இரண்டு பாதங்களின் ஒரே இடத்தையும் தினமும் அளக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 2.2 பாகை செல்சியஸ் கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு, அந்த வாரமே மருத்துவமனைக்கு வர வேண்டும்.